போடிமெட்டு ஏற எந்தப் பெடல்?

ராசிங்காபுரத்திலிருந்து ரோடு சைக்கிளில் கிளம்பி, போடி, முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொண்டவருக்கு எழுந்து நின்று மிதித்தாலும் கால் நழுவாது.

எந்தப் பூட்டு என்பதுதான் கேள்வி.

1985இல் சைக்கிள் வீரர் பெர்னார்ட் இனோ லுக் நிறுவனத்தின் பூட்டும் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். அதன்பின் ரோடு சைக்கிள்காரர்கள் மூன்று திருகு பிளாஸ்டிக் கிளீட்டுக்கு (ஷூவின் அடியில் திருகி, பெடலில் பூட்டும் துண்டு) மாறினார்கள். மலைச் சைக்கிளுக்காக ஷிமானோ 1990இல் கொண்டுவந்த எஸ்.பி.டி. வேறு ரகம். இரண்டே திருகு, கட்டைவிரல் அகல இரும்புக் கிளீட், அதுவும் ஷூவின் அடிக்குள் பதிந்திருக்கும். பெரும்பாலான மாடல்களில் பெடலின் இருபக்கமும் பூட்டும். வளைவில் ஜீப்புக்கு ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடி ஏறும்போது பெடலைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. மரை ஒன்றே என்பதால் ரோடு சைக்கிளின் கிராங்கிலும் அப்படியே பொருந்தும். மழை நனைத்த டீக்கடை வாசலில் வழுக்காமல் நடக்கவும் முடியும். பிளாஸ்டிக் கிளீட்டோடு அங்கே நடப்பது பெரும்பாடு!

கிளீட் சிறியது, பாதத்தில் ஓரிடத்தை அழுத்தும் என்பார்கள். அடி விறைப்பான ஷூ போட்டால் அது பெரிதாகத் தெரியாது. பந்தயக்காரருக்கு எடைக்கணக்கு முக்கியம். மலையேறி ஊர் திரும்புகிறவருக்கு எஸ்.பி.டி.யே சரி.

புதிதாக மாட்டுகிறவர்கள் பெடலின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்து, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றுவதைச் சமதளத்தில் நன்றாகப் பழகிவிட்டு முந்தலைத் தாண்டுங்கள்.