வீட்டுக் கணக்கும் ஆபிஸ் பொட்டியும்

ஆணி புடுங்குற நேரத்துல நடுநடுவுல வீட்டுக் கணக்கையும் பார்க்குற மக்கள் நம்மள்ல நிறைய. வீட்டுக்கடன் தவணை, அம்மாவோட எஃப்.டி., தங்கமணி பேர்ல பாலிசி, எல்லாம் ஒரே எக்செல்ல. அதைப் பத்திரமா ரெண்டு பொட்டிக்கும் எப்படிக் கொண்டு போறது?

வழியில யாரும் பார்க்காம இருக்க 7-ஜிப் போதும். சாதா ஜிப்ல பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ள இருக்குற ஃபைல் பேரெல்லாம் வெளியே தெரியும். 7இசட் ஃபார்மட்ல ஏ.இ.எஸ்-256 பூட்டு போட்டு, பேரையும் மறைக்கலாம். (பாஸ்வேர்ட் பிறந்த தேதின்னா பூட்டாமலே அனுப்பிடுங்க :-))

ஆனா அந்தப் பூட்டு வழிக்கு மட்டும்தான். ஆபிஸ்ல டபுள் க்ளிக் பண்ணி திறந்தா, டெம்ப் ஃபோல்டர்ல பூட்டில்லாத காப்பி ஒண்ணு விழும். பொட்டி கம்பெனியோடது, அதுல என்ன கண்காணிக்கணும்னு முடிவு பண்றதும் அவங்கதான். அதைவிடப் பெரிய விஷயம், ஆட்குறைப்புன்னு டமேஜர் கூப்பிட்டா, பேசி முடிக்குறதுக்குள்ள லாகின் போயிடலாம். கையில எத்தனை மாசத்துக்குக் காசு இருக்குன்னு பார்க்கவேண்டியதே அன்னிக்குத்தான்!

அதனால என் ஃபைல் வீட்டுலதான். ஆபிஸுக்குப் போறது வரிக்கழிவுக்குக் கேக்குற ரசீது மட்டும். அவசரம்னா சொந்த மொபைல்ல பார்த்துக்குறேன். பாஸ்வேர்டைத் தாள்ல எழுதி பீரோவுல வச்சிருக்கேன், தங்கமணிக்கு இடம் தெரியும்.