அறுமீன் படித்த பாதிரியார்

சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி தென்படும் குறிகளில் ஒன்று மீன். இரண்டு வளைகோடுகள் மேலே கூடிக் கீழே குறுக்கிட்டு வாலாக விரியும்; அவ்வளவுதான் உருவம். சில இடங்களில் அதன் பக்கத்தில் ஆறு சிறு கோடுகள், சில இடங்களில் ஏழு. ஹரப்பாவில் கிடைத்த பெரிய முத்திரை ஒன்றில் ஏழு கோடும் மீனும் தவிர வேறு எழுத்தே இல்லை. இந்தக் குறியைத் தமிழ் ‘மீன்’ என்ற சொல்லோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கியவர் யார் என்பதுதான் இந்தத் தேடல்.

சென்னையில் அந்தச் சொல் நாள்தோறும் ஒலிக்கும் இடம், மீன் மார்க்கெட்டுக்குப் பேர்போன சிந்தாதிரிப்பேட்டை. வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் விலை பேசும் இடத்தில், அதே சொல் வானத்து நட்சத்திரத்தையும் குறிக்கும் என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை. சிந்துவெளி எழுத்தைப் பற்றிய நூல்களைப் பின்னோக்கிப் படித்தபோது தடம் பம்பாய்க்குப் போனது. அங்கே நின்றவர் ஹென்றி ஹெராஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார்.

ஹெராஸ் 1888-இல் பார்சிலோனாவில் பிறந்தவர். 1922-இல் பம்பாய் வந்து புனித சவேரியார் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியரானார். எந்த வரலாற்றைக் கற்பிக்க விருப்பம் என்று கேட்டபோது, தமக்குச் சற்றும் தெரியாத இந்திய வரலாற்றையே அவர் தேர்ந்தார் என்று சொல்வார்கள். 1926-இல் இந்திய வரலாற்று ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி நாணயம், சிற்பம், ஓவியம், சுவடி எனச் சேர்த்தார். பாடநூலை ஒப்பிக்காமல் மூலச் சான்றைத் தொட்டுப் பார்த்து எழுதப் பழக்குவதே அவர் முறை. கடம்பர் வரலாற்றை எழுதிய ஜார்ஜ் மொரேஸ் அந்தப் பட்டறையில் உருவானவர்.

ஹெராஸின் கவனம் தெற்கே திரும்பியதுதான் தமிழருக்கு முக்கியம். விஜயநகரத்தின் ஆரவீட்டு அரச மரபைப் பற்றிய நூல் 1927-இல் சென்னையில் அச்சானது. அந்த மரபின் அரசன் இரண்டாம் வேங்கடனின் காலத்தை எழுதும்போது, கல்வெட்டுகளோடு ஏசு சபையினரின் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த அரசனின் சந்திரகிரி அவைக்குச் சாந்தோமிலிருந்து பாதிரியார்கள் போய்வந்திருந்தார்கள். தம் சபையாரின் எழுத்தை அவர் சான்றாக்கினார் என்பதைவிட, அதைக் கல்வெட்டுக்கு எதிரே நிறுத்திப் பார்த்தார் என்பதே பெரிது. 1929-இல் வெளிவந்த நூலில், துறவி வித்யாரண்யர் விஜயநகரத்தை நிறுவிய கதை பிற்காலத்தில் சிருங்கேரி மடத்தில் புனையப்பட்டது என்று வாதிட்டார்; அது பலத்த எதிர்வாதத்தைக் கிளப்பியது. பல்லவர் வரலாற்றையும் எழுதினார்.

1930-களில் சிந்துவெளிக்குள் இறங்கினார். அந்த எழுத்தின் மொழி ஆதித் திராவிடம் என்பது அவர் துணிபு. ஒரே ஒலி இரு பொருள் தரும்போது, வரைய எளிதான பொருளைக் கொண்டு வரைய அரிதானதைக் குறிக்கலாம்; ஆகவே மீனை வரைந்து நட்சத்திரத்தைச் சொன்னார்கள் என்றார். ஆறு கோடும் மீனும் அறுமீன், அதாவது கார்த்திகை. ஏழு கோடும் மீனும் எழுமீன், சப்தரிஷி மண்டலம். இரண்டும் பழந்தமிழில் வழங்கிய பெயர்கள். தமிழைக் காதில் கேட்டு வளர்ந்தவர்களுக்கே தோன்றாதது, கட்டலான் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. ஒவ்வொரு குறிக்கும் ஒரு சொல் கொடுத்து முத்திரைகளை முழு வாக்கியங்களாகப் படித்தார். 1953-இல் வந்த பெருநூல் அந்த வாசிப்புகளைத் தாங்கியது. அவற்றைச் சரிபார்க்க வழியில்லை, அறிஞர்கள் ஏற்கவில்லை. அந்த மறுப்பு நியாயமானதே.

ஹெராஸ் 1955 டிசம்பரில் பம்பாயில் காலமானார். நிறுவனம் இப்போது அவர் பெயரைத் தாங்கி அதே கல்லூரியில் நடக்கிறது. 1981-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. வாக்கியங்கள் உதிர்ந்தாலும் மீன் உதிரவில்லை. பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா அதையே அடிப்படையாக எடுத்து விரித்து 1994-இல் நூலாக்கினார். இருமொழிப் பொறிப்பு ஒன்றும் இதுவரை கிடைக்காததால், அறுமீனும் எழுமீனும் இன்னும் கருதுகோளாகவே இருக்கின்றன.