காகித மனிதன்

சுழல்துப்பாக்கியாற் சுடுதல் கடினமான கருமம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறானது என்பதை, 2024 ஆம் ஆண்டின் இறுதியில், டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே சூட்டுப் பயிற்சிக்களம் ஒன்றிற் கழித்த ஒரு மணி நேரம் எமக்கு உணர்த்திற்று.

எமது அண்ணா அந்நகரில், எரிபொருள் நிலையத்தோடு சேர்ந்த கடையொன்றில் இரவுக் காசாளராக வேலை செய்கிறார். அயற்கடையிற் கொள்ளை நிகழ்ந்த பின்னர், சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் புதிய சுழல்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். கடை முதலாளி அதனை அறிந்தும் அறியாதார் போல இருக்கிறாராம். முதலாளியின் காசுப்பெட்டியைக் காக்கத் தொழிலாளி தன் கூலியில் ஆயுதம் வாங்கும் விந்தையை நாம் சுட்டிக்காட்டினோம். "காசுப்பெட்டிக்கு இல்லை, தம்பி, உயிருக்கு" என்றார் அண்ணா. அதற்கு மறுமொழி கூற எம்மால் இயலவில்லை.

எம்மைப் போல விருந்தினராகச் சென்ற அந்நியர் துப்பாக்கியைக் கையாளுவதை அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஆயின் வேட்டை அனுமதிப்பத்திரம் பெற்றவர்க்கு விலக்குண்டு. ஒரு கொக்கைத்தானும் கொன்றறியாத நாம், வேட்டைக்காரராகப் பதிவுபெற்றே களத்தினுள் நுழைந்தோம்.

துப்பாக்கி ஸ்மித் அன்ட் வெசன் 686 என்னும் வகையினது. துருவேறா உருக்கினாலாயது, ஏறத்தாழ நான்கங்குலக் குழலும் ஆறு ரவைகள் கொள்ளும் உருளையும் உடையது, நிறை 1.1 கிலோகிராம் வரையில் இருக்கும். கையில் எடுத்ததும் முதலில் தோன்றியது அச்சமன்று; வியப்பே. பிடி உள்ளங்கையில் அத்துணை இசைவாகப் பொருந்திற்று. உருளை சுழன்று ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேரே வந்து நிற்பதில் ஒரு மணிக்கூட்டின் ஒழுங்கு இருந்தது. 1836 இல் சாமுவேல் கோல்ட் தமது சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற நாள்தொட்டு எத்தனையோ தொழிலாளரின் கைத்திறன் இத்தகைய கருவியிற் படிந்திருக்கிறது. மனித உழைப்பின் அருமையை இப்படியொரு பொருளிற் காண நேர்ந்தமை எமக்குச் சங்கடத்தைத் தந்தது.

காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்தோம். உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியால் வெப்பவாயு சீறும். ஆதலின் விரலை அங்கே வைக்கலாகாது என்று அண்ணா எச்சரித்தார். விசையை இழுத்தபோது உருளை சுழன்றது. சுத்தியல் பின்னே சென்று விழுந்தது. அந்நீண்ட இழுப்பிற் கை நடுங்கிக் குறி தவறிற்று. பின்னர், சுத்தியலைப் பெருவிரலால் முன்னரே பின்னிழுத்து வைத்துச் சுட்டோம். விசையை இலேசாக அழுத்தியதுமே வெடித்தது. ஏழு யார் தொலைவில் தொங்கிய காகிதத்தின் நடுவே துளை விழுந்தது. வலிய .357 மக்னம் ரவையை விடுத்து, மென்மையான .38 ஸ்பெஷல் ரவையையே இட்டிருந்தமையால் உதைப்பும் பெரிதன்று.

"கெட்டிக்காரன்!" என்றார் அண்ணா. நாம் மகிழ்ந்தோம். உண்மையை மறைத்தல் தகாது: மகிழ்ந்தோம். ஆறு ரவைகளும் தீர்ந்ததும் மேலும் ஆறு கேட்டோம்.

காகிதத்தைக் கப்பியால் அருகே வருவித்தபோதுதான் அதனை நன்கு நோக்கினோம். தலை, தோள், நெஞ்சு: ஒரு மனித உருவம். முகம் மாத்திரம் இல்லை. நெஞ்சில் நாம் இட்ட துளைகள் இருந்தன. வன்னியிலே, பாடசாலை முற்றத்துப் பதுங்குகுழியில், புத்தகப்பையைத் தலைமேல் வைத்துக் குந்தியிருந்த நாள்கள் நினைவுக்கு வந்தன. குழலின் அப்புறத்தில் நின்றோருக்கு நாமும் இவ்வாறே முகமின்றித் தோன்றியிருப்போம். சுடுவதற்கு மனிதன் கொடியவனாய் இருத்தல் வேண்டும் என்று அந்நாளில் எண்ணினோம். கொடுமை வேண்டியதில்லை, சிறிது பயிற்சியும், முகமற்ற உருவமும், "கெட்டிக்காரன்" என்னும் ஒரு சொல்லும் போதும்.

அன்றிரவு எமது பெறாமகன் தன் பாடசாலையில் நடக்கும் ஒத்திகையைப் பற்றிச் சொன்னான். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சுவரோரமாக மூச்சுக் காட்டாது இருக்க வேண்டுமாம். "உங்கட பள்ளிக்கூடத்திலையும் இருந்ததோ, சித்தப்பா?" என்று கேட்டான். "இருந்தது" என்றோம். போர் நடந்த நாட்டில் நாமும், போர் நடவாத நாட்டில் அவனும் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறோம். அவ்வொத்திகை வீணானதன்று. 2022 மே 24 இல் அதே மாநிலத்து யுவால்டி என்னும் ஊரின் ஆரம்பப் பாடசாலையில் 19 மாணவரும் 2 ஆசிரியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

2021 இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கள்வனுக்கு அஞ்சி வாங்கும் ஆயுதம் வீட்டிலுள்ளோரின் துயர வேளைக்கும் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

அண்ணாவின் அச்சம் பொய்யன்று. நள்ளிரவிலே தனியொருவராய் அவர் நிற்கிறார். துணைக்கு இன்னோர் ஆளை நியமித்தால் அவ்வச்சத்திற் பெரும்பகுதி நீங்கும். ஆயின் அஃது முதலாளியின் செலவு. துப்பாக்கியோ தொழிலாளியின் செலவு. இவ்விரண்டில் எது நடைபெறும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பு முன்னர் அண்ணாவிடம் ஒன்று மாத்திரம் கேட்டோம். மறுநாளே பூட்டுள்ள இரும்புப்பெட்டியொன்று வாங்கினார். திறப்பைத் தம் கழுத்துச் சங்கிலியிற் கோத்துக்கொண்டார். வீட்டுக்கு அது போதும். அந்த இரவுக் கடைக்குப் போதாது என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.