பதினேழில் எட்டு

அன்பு மாணவச் செல்வங்களுக்கும், "சித்தப்பா மறுபடியும் நீளமா எழுத ஆரம்பிச்சுட்டார்" என்று சொல்லிக்கொண்டே கடைசி வரை வாசிக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

லெந்து நாட்கள் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. "சார், இந்த வருஷம் எதை விட்டிருக்கீங்க?" கேட்பவர்கள் தாங்கள் விட்டதையும் கூடவே சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் காபியை விட்டிருக்கிறார். ஒரு மாணவி சீரியலை விட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் எப்போதும் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பயல், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், கோழியை விட்டுவிட்டு வாரம் மூன்று நாள் காளான் பிரியாணி சாப்பிடுகிறான். ஒன்றும் விடாததற்கு இது மேல் என்று அவனிடம் சொன்னேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். "இந்த நாற்பது நாளும் என் நாத்தனாரைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன் சார்" என்று இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. "அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஏழு வருஷம் ஆயிற்று, இந்த லெந்தில் அதை முடித்துக்கொள்கிறேன்" என்றும் யாரும் சொல்லவில்லை. விடுவதெல்லாம் இலையில் இருக்கிறது, நாக்கின் மறுபக்கத்தில் இருப்பதை யாரும் தொடுவதில்லை.

(என் மாணவர்களில் பாதிப்பேர் இந்துக்கள், முஸ்லிம்கள். இது எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் இதேபோல ஏதாவது இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.)

கணக்கு வாத்தியார் எதை எடுத்தாலும் எண்ணித்தான் பார்ப்பார். கலாத்தியருக்கு எழுதின நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் மாம்சத்தின் செயல்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அவை 17. வேதாகமத்தை எடுத்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்டவை நான்கு. விக்கிரகமும் சூனியமும் இரண்டு. கொலை ஒன்று. குடியும் கூத்தும் இரண்டு. ஆக ஒன்பது. மீதி எட்டும் பகை, கோபம், சண்டை, பொறாமை, கட்சி பிரிவது என்று மனிதன் மனிதனோடு ஒத்துப்போகாத சமாச்சாரங்கள். பதினேழில் எட்டு. கிட்டத்தட்டப் பாதி.

இப்போது நம் சபைகளை நினைத்துப் பாருங்கள். குடிக்கிறவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் பின்வரிசையில் ஒதுங்கி உட்காருவார், கமிட்டியில் நிற்கமாட்டார், நாமும் நிற்க விடமாட்டோம். ஆனால் சேகரத் தேர்தல் வந்தால் இரண்டு அணி பிரித்து, நோட்டீஸ் அடித்து, சொந்த மச்சானையே கோர்ட்டுக்கு இழுக்கிறவர் முன்வரிசையில் உட்கார்ந்து வேதபாடம் வாசிப்பார். அவரை வைராக்கியமான மனுஷன் என்று மெச்சவும் செய்வோம். பட்டியல் ஒன்றுதான். அதில் இரண்டுக்கு மட்டும் சிவப்பு மை, எட்டுக்கு மார்க் போடாமலே விட்டுவிடுகிறோம். எந்தப் பரீட்சையில் இப்படித் தாள் திருத்துவார்கள்?

புறணிக்கு நம்மிடம் ஒரு அழகான உறை இருக்கிறது. அதன் பெயர் ஜெபக்குறிப்பு. "அந்த வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிச்சுக்கிடுங்க, வெளியே சொல்லாதீங்க, அது ஒரு பையனோட..." என்று ஆரம்பித்தால், கூட்டம் முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிள்ளையின் பெயர் மூன்று ஊருக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் சம்பந்தம் இப்படித்தான் நின்றுபோனது. சொன்னவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, எல்லோரும் பாரத்தோடுதான் சொன்னார்கள். அவள் இன்று வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்மஸுக்குக்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. ரோமருக்கு எழுதும்போது பவுல் கோள் சொல்கிறவர்களைக் கொலைக்குப் பக்கத்திலேயே வைத்தது ஏன் என்று எனக்கு அவளைப் பார்த்துத்தான் புரிந்தது.

இப்போது புறணிக்குச் செல்போன் வேறு கிடைத்திருக்கிறது. காலையில் வசனம், மத்தியானம் வதந்தி, இரண்டும் ஒரே குழுவில். "உண்மையா என்று தெரியவில்லை, எதற்கும் பகிர்கிறேன்" என்று போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளையில் "எதற்கும்" என்ற விதிவிலக்கு கிடையாது. 2018 மே மாதம் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். குழந்தை கடத்த ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கடத்தல்காரர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் வயதான ஒரு அம்மா செத்துப்போனார். அதே ஆண்டு ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அனுப்பியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்களில் யாருக்கும் தான் ஏதாவது செய்ததாகவே நினைவு இருக்காது.

அடுத்தது கூலி. இதை எழுதினால் இரண்டு மூன்று வீடுகளில் என்னோடு கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. தசமபாகத்தைக் கைக்கு வரும் சம்பளத்தில் கணக்கிடாமல், பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுகிற நல்லவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒரு ரூபாய் பிசகாது. அதே வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு மாதம் பிறந்து பத்துத் தேதி ஆனாலும் சம்பளம் கைக்கு வராது. மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு நாள் வராவிட்டால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். கிறிஸ்மஸ் அன்று அவர் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்துவிட்டு, ஒரு தூக்குச்சட்டியில் பிரியாணி வாங்கிக்கொண்டு போவார். அன்றன்றைய கூலியை மறுநாள் விடியும் வரை வைத்திருக்கக் கூடாது என்பது லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கொடுக்காமல் பிடித்த கூலியைப் பற்றி யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் எழுதியிருப்பதைக் காணிக்கைப் பை வருவதற்கு முன்னால் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். சீரகத்தில்கூடப் பத்தில் ஒன்று எடுத்துவைத்தவர்களிடம் இயேசு என்ன சொன்னார் என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

ஆர்.சி. சபையிலிருந்த என் பெரியம்மா தலையான பாவங்கள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். பிற்காலத்தில் வாசித்தபோதுதான் அது ஆதியில் எட்டாக இருந்தது என்று தெரிந்தது. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்திய வனாந்தரத்தில் இருந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனுஷனை அலைக்கழிக்கிற எண்ணங்கள் எட்டு என்று வகுத்தார். பிறகு 6-ஆம் நூற்றாண்டின் முடிவில் போப் முதலாம் கிரகோரி அதைத் திருத்தி ஏழாக்கினார். துறவியின் எட்டில் வீண்புகழ் தனியாக இருந்தது. பிறர் பார்க்கவேண்டும் என்று நல்லது செய்வது. நம் ஊர் ஆலய டியூப்லைட்டுகளில் வெளிச்சம் போக மீதி இடத்தில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்க்கும்போது, அதைத் தனியாகவே வைத்திருந்திருக்கலாம் என்று தோன்றும்.

சரி, இவ்வளவு நேரம் நான் சுற்றி வந்த இடத்துக்கு வருகிறேன்.

எந்தப் பட்டியலிலும் பெயர் சொல்லி இல்லாததால் நமக்கு வசதியாகப் போன ஒன்று இருக்கிறது. சாதி. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே, முழுவதுமாக ஒழியவேண்டும் என்பது உத்தரவு. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போய்விட்டார்கள், சாதியை விடவில்லை. நம் பக்கத்து வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். பீடம் ஒன்று, ஜனங்கள் உட்காரும் பக்கம் இரண்டு, நடுவில் சுவர். 1910-இல் அந்தச் சுவரை இடித்தபோது வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் வரை போனது. 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் எல்லாம் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆக முடிந்தது. இங்கிலாந்தில்கூட அவர்களால் அப்படிச் சேர முடியவில்லை. ஆனால் ஒரே தெருவில், ஒரே சபையில், ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கிற இரண்டு குடும்பம் சம்பந்தம் செய்துகொள்ள இன்றுவரை நமக்கு முடியவில்லை.

மணமக்கள் விளம்பரங்களைப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, ஊழிய வாஞ்சையுள்ள பெண் தேவை என்று இருக்கும். அடுத்த வரியில் சாதி, அதற்குள் உட்பிரிவு. கேட்டால் பழக்கவழக்கம் ஒத்துவரவேண்டுமே என்பார்கள். என்ன பழக்கவழக்கம்? அவர்கள் வீட்டிலும் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே கறிக்குழம்பு, அதே பாட்டுப் புத்தகம்.

நம் உறவில் ஒரு பெண்ணுக்கு இப்போது ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் சொன்னால் நானும் ஜெபக்குறிப்புக்காரன் ஆகிவிடுவேன். பையன் நல்ல வேலை, நல்ல குணம். பாடகர் குழுவில் இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிறவர்கள். அவன் அப்பா நான் வேலை பார்த்த பள்ளியில் எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவர், இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தோம். படிப்பு, வேலை, விசுவாசம் எல்லாம் விசாரித்து முடிந்த பிறகு ஒரு கேள்வி வந்தது. "அவங்க என்ன ஆட்கள்?" பதில் கேட்டதும் ஜெபித்துப் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதிரி ஜெபத்துக்கு வருகிற பதில் எப்போதும் இல்லை என்பதாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை போன வாரம் வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "தாத்தா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும். ஏன் ஆண்டவர் மேல பழியைப் போடணும்?"

அவள் பெற்றோரும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போன ஞாயிறு அவர்களிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். என் தம்பி மகன் இன்னும் போனை எடுக்கவில்லை. மருமகள் மட்டும் "யோசிக்கிறோம் மாமா" என்றாள். அந்தக் குரலில் கொஞ்சம் இடம் இருந்தது.

லெந்து நாட்களில் நாம் கல்யாணம் வைப்பதில்லை, ஆனால் பேசுவதற்குத் தடை இல்லை. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பையனின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருகிறார்கள். நான்தான் கூப்பிட்டிருக்கிறேன். தம்பி மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லியிருக்கிறேன், இதை வாசிக்கும் அத்தைமாரும் சித்திமாரும்கூட வரலாம். காபியை விட்டவர்களுக்கு சுக்குத் தண்ணீர் இருக்கும். நாற்காலி போதாவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் உங்கள் சித்திக்கு ஒரு போன் பண்ணிவிடுங்கள்.