முதலில் இடம், பிறகு மைக்

நாலரை மணிக் கச்சேரிக்கு இரண்டு மணிக்கே அரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். மயிலாப்பூரில், நூற்றைம்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடுகிற சின்ன இடம். மேடையில் ஜமக்காளம் விரித்தாயிற்று. பின்சுவரில் ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கப் போனது ஒலிப்பதிவாளரை. முப்பது வருஷமாகக் கச்சேரிகளைப் பதிவு செய்கிறவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உதவிக்கு வரும் பையன் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கச்சேரியை ஸ்டீரியோவில் பிடிக்க எந்த மைக் வாங்கலாம் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. மேடையின் நடுவில் நின்று கையைத் தட்டினார். விளிம்புக்கு வந்து ஒரு தட்டு, மூன்றாவது வரிசை நாற்காலிகளுக்கு நடுவே ஒரு தட்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். ஏசியைப் போடச் சொல்லி மறுபடியும் ஒரு சுற்று. "ஸ்டாண்டை எங்க வைக்க விடுவாங்கன்னு முதல்ல தெரியணும். அதுக்கப்புறம்தான் எந்த மைக்குங்கிற பேச்சு" என்றார்.

அவர் கேட்ட இடம், மேடை விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நட்டநடுவில், ஆளுயரத்துக்கு மேல். சபாக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோ எடுப்பவர் கேமராவை நடுவில் வைத்திருந்தார், ஸ்டாண்டு குறுக்கே வருமாம். கால் மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு முடிவு: ஸ்டாண்டின் கால் ஓரமாக நிற்கும், அதன் மேலே குறுக்குக் கம்பி போட்டு மைக்கை நடுவுக்கு நீட்டிக்கொள்ளலாம். பையன் அடிக்கால்மீது மணல் மூட்டையைத் தூக்கி வைத்தான். "போன வருஷம் ஒரு மாமா கேன்டீனுக்கு ஓடுறப்ப தட்டி விட்டுட்டார் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கேபிளைத் தரையோடு டேப் போட்டு ஒட்டினான்.

நடுவில் நிற்பதற்கு ஏன் இத்தனை பிடிவாதம்? கச்சேரி மேடையில் உட்கார ஓர் ஒழுங்கு இருக்கிறது. கீழேயிருந்து பார்க்கிற நமக்கு நடுவில் பாட்டு, இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு இது. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்புக்காரர். அவர் வாசித்தால் வயலின்காரர் பக்கம் மாறி உட்கார வேண்டும். மாறச் சம்மதிக்காதவர்களால் அவர் வாய்ப்பிழந்ததும், பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்காக நின்றதும் சங்கீத உலகத்துக்குத் தெரிந்த கதை. ஒற்றைத் தடத்தில் பதிவான அந்தக் காலத்து நாடாக்களைக் கேட்டு, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு மைக் வைத்தால் சொல்லலாம். ஆனால் அந்த ஜோடி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் மிருதங்கமோ வயலினோ பாட்டுக்காரர் மடியில் ஏறி உட்கார்ந்துவிடும்.

இதையெல்லாம் யோசித்துத் தொடங்கி வைத்தவர் ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில், தாமஸ் பீச்சம் நடத்திய மொசார்ட் ஒத்திகையை அவருடைய முறையில் பதிவு செய்தார்கள். அவர் பெயரால் இன்றும் வழங்குகிற முறையில், முன்னும் பின்னும் சமமாகக் கேட்கிற எட்டு வடிவ மைக் இரண்டை 90 டிகிரியில் குறுக்காக வைக்க வேண்டும். சார் அதையும் வைத்துப் பார்த்தவர்தான். ஸ்பீக்கரே இல்லாத வீட்டுக் கூடத்துக் கச்சேரியில் அதுபோல் எதுவும் வராது என்கிறார். சபாவில் வைத்தால் மேடையில் ஒரு கச்சேரி, பின்னால் தொடையில் தாளம் போடுகிறவர்கள், இருமல், சலசலப்பு என்று இன்னொரு கச்சேரி; இரண்டும் ஒரே அளவில் விழும்.

அன்றைக்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கிற கார்டியாய்டு ஜோடி, நியூமன் கேஎம் 184. பழசாக வாங்கியதுதான். கூடவே பிளைவுட்டில் வெட்டிய சின்னப் பலகை ஒன்று. அதில் இரண்டு கோடுகள், இரண்டு புள்ளிகள். மைக் முனைகளுக்கு நடுவே 17 செ.மீ., கோணம் 110 டிகிரி. பிரெஞ்சு வானொலி வகுத்த கணக்கு இது, ஓ.ஆர்.டி.எஃப். முறை என்பார்கள். பையன் ஏணியில் நின்று பலகையை மைக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்து, திருகை ஒரு நூல் தளர்த்தி, மறுபடி பார்த்து இறுக்கினான். கண்ணளவில் வைத்தால் போதாதா என்றேன். "கண்ணு ஏமாத்தும் சார், பலகை ஏமாத்தாது."

ஏன் அந்தக் கோணம் என்பதற்குச் சார் சொன்ன கணக்குதான் அன்று நான் கற்றவற்றில் முக்கியமானது. கலைஞர்கள் உட்காரும் பரப்பு சுமார் மூன்றரை மீட்டர் அகலம். இரண்டு மீட்டர் எட்டத்திலிருந்து பார்த்தால் அது 80 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே விரிகிறது. ஓ.ஆர்.டி.எஃப். ஜோடி, தனக்கு முன்னால் உள்ள சுமார் 95 டிகிரிப் பரப்பை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே விரித்துக் காட்டும். ஆகவே மிருதங்கமும் வயலினும் இரு ஓரங்களுக்குச் சற்று உள்ளே, நாம் நேரில் பார்க்கும் இடத்திலேயே வந்து அமர்கின்றன. கையடக்க ரெக்கார்டர்களின் தலையில் இரண்டு மைக்கும் ஒட்டினாற்போலக் குறுக்கே நிற்குமே, அது எக்ஸ்-ஒய் முறை. 90 டிகிரியில் வைத்த அந்த ஜோடி காட்டும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அதே இடத்தில் வைத்தால் மூவரும் நடுவே நெருங்கி விடுவார்கள். ஆறு மீட்டர் தள்ளி நாற்காலி வரிசைக்குப் போனாலோ மேடையே 30 டிகிரி சொச்சம்தான். எந்தக் கார்டியாய்டு ஜோடியும் அங்கே திணறும். ஐந்தாவது வரிசையிலிருந்து பதிவு செய்துவிட்டு "மைக் சரியில்லை" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

உயரத்திலும் ஓர் இழுபறி உண்டு. வலந்தலையின் 'நம்', 'தின்' நேராக மைக்கைக் குத்தும். ஜோடியை உயர்த்தினால் அந்தக் கூர்மை மட்டுப்படும். அளவுக்கு மீறி உயர்த்தினால் பாட்டின் சொற்கள் மழுங்கும், 'ச'வும் 'த'வும் வாயிலிருந்து முன்னோக்கிப் போகிறவை. சார் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே நிறுத்தினார். பாடகி வந்து நிமிர்ந்து பார்த்தார். "என் முகத்த மறைக்காதே சார்?" "மறைக்காதும்மா, நீங்க அண்ணாந்து பார்த்தாத்தான் அது கண்ணுக்கே தெரியும்."

மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடப்பக்கத் தலையான தொப்பியின் நடுவில் அப்பிக்கொண்டிருந்தார். அதிலிருந்து எழும் கும்கி என்ற கீழ் ஒலிதான் கார்டியாய்டு மைக்கின் பலவீனம். பக்கத்தில் வைத்தால் கீழ் ஒலியை ஊதிப் பெருக்கும், தள்ளி வைத்தால் அதையே மெலிய வைக்கும். எல்லாத் திசையிலும் கேட்கிற ஓம்னி மைக்குக்கு இந்தக் குறை கிடையாது, தூரத்திலிருந்தும் அடி ஒலி முழுசாக வரும். சாரிடம் ஓம்னி ஜோடியும் இருக்கிறது. வீணைக் கச்சேரிக்கும் ஸ்பீக்கர் இல்லாத கூடங்களுக்கும் அதைத்தான் எடுக்கிறார், இரண்டுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி விட்டு. கார்டியாய்டை ஏறக்குறைய 1.7 மடங்கு தூரத்தில் வைத்தாலும் ஓம்னி தருகிற அளவு எதிரொலிதான் வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சபாவில் அந்த லாபத்துக்காகக் கும்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார். "அப்புறமா கீழ கொஞ்சம் தூக்கிக்கலாம். எதிரொலிய எந்தக் கம்ப்யூட்டர்லயும் முழுசா எடுக்க முடியாது."

மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மைக் செட்காரர். மேடையில் தனித்தனி மைக்குகள் அவர் பொறுப்பு. அவருடைய போர்டிலிருந்து ஒரு லைன் எடுத்துக்கொண்டால் போதுமே, எதற்கு இந்த ஸ்டாண்டு வம்பெல்லாம்? கேட்டேன். அவரே சிரித்தார். "எடுத்துக்கலாம் சார். ஆனா நான் ஹாலுக்குத்தான் மிக்ஸ் பண்றேன். மிருதங்கம் சும்மாவே ஹால் பூரா கேக்குது, அத நான் தூக்கவே மாட்டேன். லைன்ல கேட்டா மிருதங்கமே இல்லாத கச்சேரி மாதிரி இருக்கும்." பெரிய அரங்குகளில் நிலைமை வேறு; அங்கே எல்லாமே போர்டு வழியாகப் போகிறது. சார் இரண்டையும் எடுக்கிறார். போர்டு லைன் தனித் தடம், ஜோடி தனித் தடம். ஒலிக்கு ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லி செகண்டு ஆகும். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் இரண்டையும் கலந்தால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஆரம்பத்தில் பாட்டு மைக்குக்கு முன்னால் தட்டிய ஒரு கைத்தட்டலைக் குறியாக வைத்து, பிறகு கம்ப்யூட்டரில் போர்டுத் தடத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்துகிறார்.

கச்சேரி தொடங்கியது. எனக்கும் ஒரு ஹெட்போன் கொடுத்தார்கள். வர்ணம் முடியும்வரை அருமை. வயலின்காரர் வில்லைத் திருப்பும் இடம்கூட வலப்பக்கம் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டாவது உருப்படியில் யாரோ ஒரு ரசிகர் பின்னாலிருந்து "கேக்கலை" என்று சைகை காட்ட, ஸ்பீக்கர் ஒலி ஏறியது. அவ்வளவுதான். மூவரும் இடம் பெயர்ந்து, இரு பக்கமும் தொங்குகிற பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். கார்டியாய்டின் முதுகுதான் சபையைப் பார்த்திருக்கிறது, ஸ்பீக்கர்களும் மைக்குக்குப் பின்னால்தான். ஆனாலும் சுவரிலும் பேனரிலும் மோதித் திரும்புகிற ஒலிக்கு மைக்கின் முதுகு எது, முகம் எது? சார் ஒன்றும் பேசவில்லை, மைக் செட்காரரைப் பார்த்து இரண்டு விரலைக் கீழ்நோக்கி அசைத்தார். கொஞ்சம் இறங்கிற்று. நூற்றைம்பது பேர் அரங்கத்துக்கு இவ்வளவு ஒலி எதற்கு என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இந்த வேலைக்குச் சபா காசு கொடுப்பதில்லை, பாடுகிறவர்தான் கொடுக்கிறார். சீசனில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கச்சேரி. பொங்கலுக்குப் பிறகு கல்யாண வரவேற்பும் கல்லூரி விழாவும்தான். பையனுக்குக் கச்சேரிக் கணக்கில் கூலி. மைக்கைப் பராமரிப்பதும் அவன் வேலையே. கடலோர ஊர் ஈரத்தில் கண்டென்சர் மைக் பொரிகிற மாதிரிச் சத்தம் போட ஆரம்பித்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நிறைந்திருந்தன. திறந்தவெளியில் பதிவு செய்கிறவர்கள் சென்ஹைசர் எம்.கே.எச். வரிசையை நாடுவது இதற்காகத்தான். அதன் உள் அமைப்பு வேறு மாதிரி, ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது.

கடைசியில் என் கேள்விக்கும் பதில் கிடைத்தது. விலைப்பட்டியலில் எல்லோரும் முதலில் பார்க்கிற எண், மைக்கின் சொந்த இரைச்சல். நியூமன் கேஎம் 184க்கு 13 டெசிபெல், அதைவிடப் பல மடங்கு மலிவான ரோடு என்டி5க்கு 16. அரங்கத்தின் ஏசியும் மின்விசிறியும் இந்த இரண்டையும் விழுங்கிவிடும். வீணையை அமைதியான கூடத்தில் பதிவு செய்தால் தவிர அந்த மூன்று டெசிபெல்லுக்காகக் கடன் வாங்க வேண்டாம். ஒரே மாடலில், ஜோடியாகப் பொருத்தி விற்கிற இரண்டை வாங்க வேண்டும். ஒன்று சற்றுக் கூடுதலாகக் கேட்டால் பாடகரே நடுவிலிருந்து நகர்ந்துவிடுவார். முதல் ஜோடி கார்டியாய்டாக இருக்கட்டும், ஓம்னி இரண்டாவதாக வரட்டும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் அளவு தவறியும் தப்பிக்கலாம், ஆனால் மைக்கின் உள்ளேயே ஒலி உடைந்தால் அதுவும் காப்பாற்றாது. மிச்சப் பணத்தில் உயரமான, கனமான ஸ்டாண்டு. கையடக்க ரெக்கார்டர் மட்டும்தான் முடியும் என்றாலும் பரவாயில்லை, மேடைக்கு இரண்டு மீட்டர் எட்டத்தில் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஐந்தாவது வரிசையில் மடியில் வைத்த நியூமனைவிட அது நன்றாக வரும்.

சபா செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேடை விளிம்புக்குச் சற்று முன்னால், நடுவில், கூரையிலிருந்து இரண்டு கொக்கிகளும் அவற்றிலிருந்து மிக்ஸர் மேஜைவரை இரண்டு கேபிள்களும் நிரந்தரமாக இருக்கட்டும். பெரிய செலவில்லை. ஸ்டாண்டு யார் கண்ணையும் மறைக்காது, வீடியோக்காரரோடு தகராறு இராது, யார் வந்து பதிவு செய்தாலும் மைக்கைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். ஸ்பீக்கரையும் தயவுசெய்து ஒரு படி குறைக்கச் சொல்லுங்கள்.