ஐப்பசி மாத டேபிள்

ஐப்பசி பிறந்ததும் எங்கள் ஸ்னூக்கர் அறையில் புலம்பல் தொடங்கிவிடும். "நேத்து வரைக்கும் நல்லா விழுந்துச்சுண்ணே, இன்னிக்குக் கையே வரல" என்பார்கள். கைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ராத்திரி ஏசியை அணைத்த பிறகு சென்னையின் மழைக்காற்றை விடிய விடியக் குடித்துக் கிடந்தது டேபிளின் துணி. கம்பளித் துணியில் ஈரம் ஏறினால் பந்தின் ஓட்டம் செத்துவிடும். நேற்றைய அடியையே இன்றும் அடித்தால் கியூ பால் அரை அடி முன்னால் நின்றுவிடும். அந்த அரை அடியில் அடுத்த பந்து போயிற்று. பெரிய போட்டிகளில் ஸ்லேட்டுக்கு அடியில் ஹீட்டர் வைப்பது இதற்காகத்தான். ஸ்னூக்கர் விதிகளை 1880-களில் எழுதி ஒட்டிய உதகை கிளப்பில், அந்தப் பனிக்கும் சாரலுக்கும் பந்து என்ன பாடுபட்டிருக்குமோ!

மழைக்காலத்தில் காலை முதல் வேலை பிரஷ் போடுவது. ஆட்டம் தொடங்கும் பால்க் பக்கமிருந்து கறுப்புப் பந்துப் பக்கமாக மட்டும். எதிர்த்திசையில் ஒரு இழுப்புகூடக் கூடாது. அடுத்து இஸ்திரி, அதே திசையில், இடையில் நிற்காமல். பெட்டியை முதலில் ஒரு வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பேன். தாள் பழுத்தால் சூடு அதிகம், ஆற விட வேண்டும். குஷன்மேல் பெட்டி படவே கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

இத்தனையும் துணியின் ரோமத்துக்காக. அது கறுப்பை நோக்கிப் படுத்திருக்கிறது. வேகமாக அடிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. நடு பாக்கெட்டுக்கு மெல்ல உருட்டிப் பாருங்கள்: கடைசி ஒரு சாண் தூரத்தில், ஓய்ந்துபோகிற வேகத்தில், பந்து கறுப்புப் பக்கம் சாயும். அதனால் கறுப்புப் பக்கமிருந்து வரும் மெதுவான பந்துக்கு நான் பால்க் பக்கத்து விளிம்பைத்தான் குறி வைப்பேன். பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சைடு போட்டால் இன்னும் வேடிக்கை. வலது சைடோடு கறுப்பை நோக்கி மெல்லப் போகும் பந்து வலப்பக்கம் வளையும். அதே சைடோடு பால்க்கை நோக்கி வந்தால் இடப்பக்கம்.

பூல் துணியில் ரோமம் கிடையாது, அதனால் இந்தத் தொல்லையும் இல்லை. அங்கே புதுத் துணிதான் ஆளை ஏமாற்றும். பந்து வழுக்கிக்கொண்டு போய், இரண்டு மூன்று குஷன் தொட்டு வரும்போது கோணம் நீண்டுவிடும். துணி அழுக்கேறி, ஈரமும் சேர்ந்தால் குறுகிவிடும். கோணங்களை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஆடுவதற்கு முன் பக்கவாட்டுக் குஷனை ஒட்டி ஒரு பந்தை மெல்ல உருட்டிவிடுங்கள். குஷனை விட்டு விலகினாலோ அதன்மேல் போய்ச் சாய்ந்தாலோ மட்டம் போயிற்று என்று அர்த்தம். 12 அடி டேபிளில் 5 ஸ்லேட் பலகைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று இம்மி இறங்கினாலும் மெதுவான பந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ஃபிட்டர்தான் வர வேண்டும். அவர் வந்து மட்டம் பார்த்துவிட்டுப் போன மறுநாளே டேபிள் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து போன் பேசுகிறவர்களை என்ன செய்வது?