வால் சொன்ன உண்மை

இராசபாளையத்தில் எங்கள் இளமைப் பருவத்தில் இரண்டு பருந்துகளை அறிந்திருந்தோம். ஒன்று கருடன், மற்றொன்று கள்ளப் பருந்து. செந்நிற உடலும் வெண்ணிறத் தலையும் மார்பும் கொண்ட செம்பருந்தே கருடன். அது வானில் தோன்றினால் அண்டை வீட்டார் கன்னத்தில் போட்டுக்கொள்வர். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் கருவறையில் ஆண்டாள், ரங்கமன்னாரோடு கருடனும் நிற்பதை அவர்கள் பெருமையுடன் கூறக் கேட்டிருக்கிறோம். மங்கிய பழுப்பு நிறக் கரும்பருந்துக்கோ எங்கள் தெருவில் கிடைத்ததெல்லாம் கல்லடிதான்.

ஒரு கோடை விடுமுறையில் அம்மாச்சியின் கோழிக்குஞ்சு ஒன்று பறிபோயிற்று. மறுநாள் கொல்லை வேம்பில் பழுப்பு நிறப் பறவையொன்று அமர்ந்திருந்தது. உண்டிவில்லால் அடித்தோம். சிறகொடிந்து வீழ்ந்த அது, இரண்டாம் நாள் கிணற்றடியில் இறந்தது. “இதுதான் தூக்கினதென்று கண்டீர்களா, பிள்ளைகளா?” என்று அம்மாச்சி கேட்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை. புதைக்கும்போது அதன் வால் விரிந்து கிடந்தது. பனையோலை விசிறிபோல் வட்டமாக இருந்தது.

பல்லாண்டுகள் கழிந்தன. சென்ற தை மாதம், நீர் நிறைந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாய்க் கரையில், பறவைகளை அறிந்த நண்பரோடு நின்றோம். அவர் வேறுபாடுகளை விளக்கினார். கரும்பருந்து சற்றே பெரியது. ஏறத்தாழ 60 செ.மீ. நீளம். செம்பருந்து 48 செ.மீ. அளவே. கரும்பருந்தின் வால் மீன்வால்போல் பிளவுபட்டது. செம்பருந்தின் வால் வட்டமானது. “நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். செம்பருந்தின் இளம்பறவையும் பழுப்பாகவே இருக்கும். செந்நிறமும் வெண்மையும் பிறகே வரும்” என்றார்.

எங்கள் நெஞ்சு திடுக்கிட்டது. நாங்கள் கொன்றது கருடனின் பிள்ளையை!

வீடு திரும்பும் வழியில் மற்றொரு கேள்வி எழுந்தது. அது கரும்பருந்தாகவே இருந்திருந்தால் எங்கள் துயரம் குறைந்திருக்குமோ? இரண்டுமே செத்த மீனையும் கழிவையும் உண்டு ஊரைத் தூய்மை செய்பவை. வாய்ப்புக் கிட்டினால் கோழிக்குஞ்சையும் கவர்பவை. ஒன்றை வணங்கி, மற்றொன்றைக் கள்ளன் என்று தூற்றியது நாமன்றோ!

இம்மலையடிவாரக் காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று; 2021-இல் புலிகள் காப்பகத்தின் பகுதியுமாயிற்று. ஊருக்குள் வட்டமிடும் பழுப்புப் பருந்துக்கு மனிதர் மனமன்றி வேறு சரணாலயம் ஏது?

அம்மாச்சியின் கேள்விக்கு இன்று விடை சொல்கிறோம்: நாங்கள் காணவில்லை, அம்மாச்சி. நிறத்தை மட்டுமே கண்டோம்.